எங்க ஜீப் எவ்வளவு குடிக்குது?

போன பொங்கலுக்கு எங்க வீட்டுத் திண்ணையில ஒரு பஞ்சாயத்து. பிரதிவாதி எங்கப்பாவோட ஜீப். வாதி எங்க மாமா, அதாவது அம்மாவோட தம்பி. மாமா புதுசா ஒரு பெட்ரோல் கார் வாங்கியிருந்தார். சின்ன கார், 1.2 லிட்டர் என்ஜின். வந்து இறங்கினதும் டீ கூட குடிக்காம ஆரம்பிச்சுட்டார்.

"மச்சான், என் வண்டி லிட்டருக்கு 22 குடுக்குது. உங்க கெழவி எவ்வளவு குடுக்குறா?"

அப்பா பதிலே சொல்லல. அவர் எப்பவுமே அப்படித்தான். அம்மாதான் உள்ள இருந்து "எட்டு தேறுமா?"ன்னு எடுத்துக் குடுத்தாங்க. (கூடப் பொறந்த பாசம்.) மாமா சும்மா பேச வரல. கம்பத்துல ஒருத்தர் ஜீப்பைக் கேக்கறார், வித்துட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் எடுத்துக்கலாம், டீசல் காசு மிச்சமாகும், அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்னு ஒரு முழுத் திட்டத்தோட வந்திருந்தார். அக்கா பொண்ணுன்னா என் தங்கச்சி. அவ இன்னும் காலேஜே முடிக்கல, அது வேற கதை.

"டேய் மருமகனே, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற, நீயே சொல்லு"ன்னார் மாமா. அப்ப எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. நாலு செமஸ்டர் படிச்சவன் வீட்டுல நிக்கற ஒரு வண்டியைப் பத்தி உருப்படியா ஒரு வரி சொல்ல முடியலன்னா எப்படி? அந்த ரோஷத்துலதான் மே மாச லீவுல ஒரு அம்பது பக்க நோட்டு வாங்கினேன். இங்க வர்ற நம்பர் எல்லாம் அந்த நோட்டுல இருந்துதான். டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: ஒரு ஜீப், ஒரு கார், ஒரு லீவு, அவ்வளவுதான். ஆராய்ச்சி அது இதுன்னு யாரும் தப்பா நினைச்சுடாதீங்க.

வண்டியைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். 1990கள்ல வந்த பழைய மஹிந்திரா, 4 வீல் டிரைவ். மஹிந்திரா 1947ல வில்லிஸ் ஜீப்பை இங்க கொண்டுவந்து பூட்ட ஆரம்பிச்சப்ப அதெல்லாம் பெட்ரோல் வண்டிதான். டீசல் பின்னாடிதான் வந்துச்சு. எங்க வண்டியில இருக்கறது பிரான்ஸ் நாட்டு பியூஜோ கம்பெனி லைசென்ஸ்ல செஞ்ச எக்ஸ்.டி.பி. 4.90 என்ஜின். நாலு சிலிண்டர், ஒவ்வொண்ணும் 90 மில்லிமீட்டர் விட்டம், அதான் அந்தப் பேர். மொத்தம் 2112 சிசி. டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, கழட்டி மாட்ட ரெண்டு ஸ்பேனர் போதும்னு எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் பெருமையா சொல்வார்.

அப்பா பூப்பாறைப் பக்கம் குத்தகைக்கு ஒரு ஏலத்தோட்டம் வச்சிருக்கார். எங்களுக்கு போடி. முந்தல் செக்போஸ்ட் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுல கேரளா எல்லையைத் தொட்டு, அங்கிருந்து இன்னும் போகணும். வீட்டுல இருந்து தோட்டம் 41 கிலோமீட்டர். கடைசி 4 கிலோமீட்டருக்கு ரோடுன்னு சொல்லிக்கற மாதிரி எதுவும் இல்ல, பாறையும் சேறும்தான். வாரத்துக்கு மூணு தடவை, எங்க தெருவுல இருந்தே ஆளுகளைக் கூட்டிட்டுப் போவார். போகும்போது உரம், வரும்போது காய்.

சரி, அளக்கற கதைக்கு வருவோம்.

முதல் பிரச்சினை கிலோமீட்டர் மீட்டர். அப்பா ஒரு சைஸ் பெரிய டயர் போட்டிருக்கார். பெரிய டயர் ஒரு சுத்துல அதிக தூரம் போகும், ஆனா மீட்டருக்கு அது தெரியாது, அது சுத்தை மட்டும்தான் எண்ணும். மைல்கல்லையும் போன் ஜிபிஎஸ்ஸையும் வச்சுப் பார்த்தா, 100 கிலோமீட்டர் போனா மீட்டர் 96தான் காட்டுது. ஆக இத்தனை வருஷமா கெழவி ஓடின ஓட்டத்துல நூத்துக்கு நாலு யார் கணக்குலயும் வரல. பாவம்.

ரெண்டாவது, டேங்க். ஒரே பங்க், ஒரே குழாய், வண்டி ஒரே பக்கம் சாய்ஞ்சு நிக்கணும். ஆட்டோ கட் ஆன உடனே நிறுத்திடணும், "ரவுண்டா போட்டுடவா தம்பி"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லணும். திரும்பி வந்து மறுபடி அதே மாதிரி நிரப்பினா, நிரம்பின அளவுதான் செலவான அளவு. 10 லிட்டருக்கு மேல செலவாகற பயணமா இருந்தா நல்லது, இல்லாட்டி டேங்க்ல நிக்கற காத்துக் குமிழியே கணக்கைக் கெடுத்துடும்.

முதல் பயணம் மதுரைக்கு. பாட்டியைக் கண் டாக்டர்கிட்ட காட்டணும். ஜீப்புல அப்பா, பாட்டி, நான். போக வர சுத்தினது எல்லாம் சேத்து 190 கிலோமீட்டர். நிரம்பினது 18.4 லிட்டர். அதாவது லிட்டருக்கு 10.3. அடுத்த வாரமே மாமாவைத் தாஜா பண்ணி, அதே ரோடு, அதே தூரம், அதே மூணு பேர் (பாட்டிக்கு ரெண்டாவது தடவை வரச் சொல்லியிருந்தாங்க). காருக்கு 10.6 லிட்டர். லிட்டருக்கு 17.9.

மாமாவுக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. "22 எங்கடா போச்சு?" டேஷ்போர்டு திரையில 21.4ன்னு காட்டிட்டு இருக்கு. திரை கொஞ்சம் ஆசை காட்டும் மாமா, அது கணக்குப் போட்டு யூகிக்கறது, நாம டேங்கை அளந்து பார்த்தோம்னேன். கம்பெனி சொல்ற மைலேஜ் ரோட்டுல எடுத்தது இல்லங்கறதும் அவருக்குப் புதுசு. நம்ம நாட்டுல அது லேப்ல, உருளை மேல சக்கரத்தைச் சுத்த விட்டு எடுக்கறது. மொத்தமே 20 நிமிஷத்துக்கும் குறைவு, கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு முப்பத்தி சொச்சம், அதிகபட்சம் 90, ஏசி கிடையாது. வண்டிக்கு வண்டி ஒப்பிட அது சரி. நம்ம பர்ஸுக்கு அது பொறுப்பு இல்ல.

ஆனா 17.9 எங்க, 10.3 எங்க. இவ்வளவு வித்தியாசம் ஏன்? டீசல்னா மைலேஜ் அதிகம்னுதானே ஊரே சொல்லுது?

ஊர் சொல்றது பொய் இல்ல. ஒரு லிட்டர் டீசல்ல கிட்டத்தட்ட 36 மெகாஜூல் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோல்ல 32. டீசல் அடர்த்தி அதிகம், அதனால லிட்டர்ல அளந்தா பத்து சதவீதத்துக்கு மேல டீசலுக்கு சும்மாவே கூடுதல். அதுக்கு மேல என்ஜின் வேலை செய்யற விதம். பெட்ரோல் என்ஜின் காத்தைப் பத்துல ஒரு பங்கா அமுக்கும். டீசல் என்ஜின் 15ல இருந்து 20க்கு மேல கூட அமுக்கும். அவ்வளவு அமுக்கினாத்தான் காத்து சூடாகி, ப்ளக் இல்லாமலே டீசல் தீப்பிடிக்கும். எவ்வளவு அமுக்கி விரிய விடறோமோ அவ்வளவு வேலையைக் கறக்கலாம். இன்னொண்ணு, பெட்ரோல் என்ஜின்ல ஆக்சிலேட்டரைக் குறைச்சா காத்து வர்ற வழியையே பாதி மூடறோம். அந்த இடுக்கு வழியா காத்தை உறிஞ்சறதுக்கே என்ஜின் கொஞ்சம் சக்தியை வீணாக்கும். டீசல்ல காத்து தாராளமா வரும், டீசலைத்தான் கூட்டிக் குறைப்போம். மெதுவா போகும்போது டீசல் சிக்கனமா இருக்கறதுக்கு இது பெரிய காரணம்.

எங்க கெழவி டீசல்லயே பழைய மாடல். டீசலை நேரா சிலிண்டர்ல பீச்சாம, பக்கத்துல ஒரு சின்ன அறையில பீச்சி, அங்க பத்தவச்சு, அப்புறம் உள்ள தள்ளற வகை. சத்தம் கம்மி, ஆனா அந்த அறையோட சுவர் வழியா சூடு ஓடிடும். பின்னாடி வந்த நேரடி ஊசி முறை என்ஜின்கள் இதைவிடப் பத்துப் பதினஞ்சு சதவீதம் சிக்கனம்.

இவ்வளவு சம்பாதிச்சும் கடைசில ஏன் கைல ஒண்ணும் நிக்கல? காத்துதான். ஜீப்புன்னா ஒரு பெட்டி. முன்னாடி நேரா நிக்கற கண்ணாடி, பின்னாடி வெட்டி விட்ட மாதிரி தார்ப்பாய். காருக்குக் காத்துத் தடைக் குணகம் 0.3 பக்கம், இந்த மாதிரி பெட்டிக்கு 0.5க்குக் குறையாது. உயரம் வேற கூட. ரெண்டையும் பெருக்கினா, ஒரே வேகத்துல காரைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காத்தை ஜீப் தள்ளணும். அந்தத் தடை வேகத்தோட வர்க்கமா ஏறும். 60ல போறதுக்கும் 80ல போறதுக்கும் 1.78 மடங்கு. இதை நம்பாம, ஒரு நாள் தேனி வழியா மதுரை வரைக்கும் 60ஐத் தாண்டாம ஓட்டச் சொல்லி அப்பாவைக் கெஞ்சினேன். பின்னாடி வந்த பஸ்காரர் எல்லாம் எங்க வம்சத்தையே விசாரிச்சுட்டுப் போனாங்க. ஆனா 12.4 வந்துச்சு!

ஆக டீசல் சம்பாதிச்சதை டப்பா செலவு பண்ணிடுது. அப்ப நாலு சக்கரத்துக்கும் போற அந்த இழுவைக்கு இதுல பங்கே இல்லையா? இருக்கு. இங்கதான் என் மானம் போன கதை வருது.

எங்க வண்டி மாதிரி பழைய 4 வீல் டிரைவ்ல எப்பவும் நாலு சக்கரமும் இழுக்காது. சின்ன கியர் லீவர் ஒண்ணு தனியா இருக்கும். சாதாரணமா பின் சக்கரம் ரெண்டு மட்டும். சேறு வந்தா லீவரைப் போட்டு முன் சக்கரத்தையும் சேத்துக்கணும். தார் ரோட்டுல அப்படியே ஓட்டக் கூடாது. வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் சுத்தி வரும், ஆனா ரெண்டையும் ஒரே வேகத்துல கட்டிப் போட்டாச்சு; டயர் தேயும், ஸ்டியரிங் கல்லா இருக்கும், டீசல் வீணாகும். இதெல்லாம் அப்பாவுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். மேடு ஏறினதும் லீவரை எடுத்துடுவார்.

ஆனா முன் சக்கரத்து நடுவுல ஒரு சின்ன திருகு இருக்கு. ஃப்ரீ வீல் ஹப். பின்னாடி வாங்கிப் போட்டது. அதை 'ஃப்ரீ'ல வச்சா முன் சக்கரம் தன் பாட்டுக்கு உருளும். 'லாக்'ல வச்சா, லீவர் போடாட்டாலும் சக்கரம் முன் ஆக்ஸில், டிஃபரன்ஷியல், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாத்தையும் சும்மா சுத்திக்கிட்டே வரும். அத்தனை பல்லும் கெட்டி எண்ணெயைக் கலக்கிக்கிட்டே.

மதுரை போய் வந்த மறுநாள் வண்டியைக் கழுவும்போது பார்த்தேன். ரெண்டு பக்கமும் 'லாக்'. யார் போட்டதுன்னு யோசிக்கவே தேவையில்ல. அதுக்கு முந்தின வருஷம் ஏப்ரல்ல கிளாஸ் பசங்க நாலு பேர் வந்திருந்தாங்க. தோட்டத்துக் கூட்டிட்டுப் போனேன். "மச்சி, இதைத் திருப்பினாத்தான் நாலு வீலும் இழுக்கும் பாத்துக்க"ன்னு படம் காட்டினது நான்தான். சேத்துல பிடி கிடைக்கட்டும்னு டயர்ல காத்தையும் கொஞ்சம் இறக்கினேன். அப்புறம் ரெண்டையுமே மறந்துட்டேன். அப்பா தோட்டத்துக்குள்ள இறங்கி ஏற லீவரைத்தான் போடுவார், ஹப் எப்பவும் 'லாக்'ல இருந்ததால அது தானா வேலை செஞ்சுது, அதனால அவர் குனிஞ்சு பார்க்க வேண்டிய தேவையே வரல. பதிமூணு மாசம்.

ரெண்டையும் சரி பண்ணினேன். அடுத்த மதுரைப் பயணம் (பாட்டிக்கு ஆபரேஷன் தேதி வாங்க): அதே 190 கிலோமீட்டருக்கு 17.3 லிட்டர், அதாவது 11. மலைப் பயணத்துக்கு 10.7 லிட்டர் ஆனது 10.2 ஆச்சு. இதுல ஹப்புக்கு எவ்வளவு, காத்துக்கு எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்தாதேன்னு முதல் வருஷ லேப்லயே சொல்லிக் குடுத்தாங்க. பதட்டத்துல எவனுக்கு அது ஞாபகம் வருது?

அரை லிட்டர். மாசத்துக்கு 12 தடவை, 6 லிட்டர். பதிமூணு மாசத்துக்கு 78 லிட்டர். லிட்டர் 93 ரூபாய்னு வச்சாலும் ஏழாயிரத்து இருநூறுக்கு மேல. என் ஹாஸ்டல் மெஸ் பில் ரெண்டு மாசத்துக்கு. அந்தப் பணத்தை எனக்கு அனுப்பறவர் யாருன்னு சொல்லத் தேவையில்ல. நோட்டுல அந்த வரியை எழுதி, ரெண்டு நாள் அப்பாகிட்ட காட்டாம வச்சிருந்தேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும். 'லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்'ங்கற கணக்கு ஆளை ஏமாத்தும். 8ல இருந்து 9 ஆனா ஒரு கிலோமீட்டர்தானே கூடுச்சுன்னு தோணும். 17ல இருந்து 18 ஆனாலும் ஒண்ணுதான். ஆனா 100 கிலோமீட்டர் போக முதல் வண்டியில 1.4 லிட்டர் மிச்சம். ரெண்டாவதுல அது 0.33 லிட்டர் மட்டும். 2008ல லாரிக், சோல்னு ரெண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதையே ஒரு ஆய்வா 'சயன்ஸ்' இதழ்ல எழுதினாங்க. ஐரோப்பாவுல '100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்'னு தலைகீழா சொல்றது இந்த விஷயத்துல ரொம்ப நேர்மை. அதிகம் குடிக்கற வண்டியில செய்யற சின்ன ரிப்பேர்தான் பெரிய காசு.

இப்ப மலைக்கு வருவோம். மாமா காரை மேல கொண்டுவர ஒத்துக்கவே ஒரு வாரம் ஆச்சு. அவரு, அத்தை, அவங்க ரெண்டு பசங்க. தோட்டத்துக்கு 2 கிலோமீட்டர் முன்னாடியே, பாறை ஆரம்பிச்ச கொஞ்ச தூரத்துல கார் அடி தட்டிடுச்சு. "போதும்டா சாமி"ன்னு நிறுத்திட்டார். அதனால காருக்குப் போக வர 78 கிலோமீட்டர்தான், 6.8 லிட்டர். லிட்டருக்கு 11.5. மதுரை ரோட்டுல 17.9 குடுத்த அதே வண்டி! அதே நாள் ஜீப்புல அப்பாவோட சேத்து ஒன்பது பேர், மூணு மூட்டை உரம். 82 கிலோமீட்டர், 10.2 லிட்டர். லிட்டருக்கு 8.

மலையில காத்து வில்லன் இல்ல, 30ஐத் தாண்டினாத்தானே காத்து. அங்க எடைதான் எல்லாம். போடியில இருந்து மெட்டு கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம். வண்டி, ஆளு, உரம் எல்லாம் சேத்து 2000 கிலோ. அதை ஆயிரம் மீட்டர் தூக்க 19.6 மெகாஜூல். என்ஜின் நூத்துக்கு 28தான் உருப்படியா குடுக்கும்னா, வெறும் தூக்கறதுக்கே 2 லிட்டர் டீசல் காலி. உருள்றது, உராயறது எல்லாம் அதுக்கு மேல. அந்த உயரத்தை இறங்கும்போது திருப்பி வாங்க முடியாது, பிரேக்கும் என்ஜினும் அதைச் சூடாக்கி விட்டுடும். "நியூட்ரல்ல விட்டா மிச்சம்தானே"ன்னு சிலர் இறக்குவாங்க. கியர்ல இறங்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே டீசல் பம்பு கிட்டத்தட்ட நின்னுடும்; நியூட்ரல்லதான் என்ஜின் ஓடிக்கிட்டே இருக்க டீசல் தேவை. மிச்சமும் இல்ல, பிரேக் சூடாகி வழுக்கிச்சுன்னா 17 வளைவும் ஒரே வளைவாயிடும்.

ஆளுக்குக் கணக்குப் போடுங்க. ஜீப்: ஒன்பது பேர், 82 கிலோமீட்டர், 10.2 லிட்டர். ஒரு லிட்டர்ல ஒரு ஆளை 72 கிலோமீட்டர் கொண்டுபோயிருக்கு. கார்: நாலு பேர், அதுவும் முழுசா போகாம, 46. உரத்தை நான் கணக்குலயே சேக்கல. ரூபாயில, 2024 மார்ச்ல ரெண்டு ரூபாய் குறைச்சதுக்கு அப்புறம் எங்க பக்கம் இருந்த விலையை 93, 101னு வச்சா, ஜீப்புல ஆளுக்கு 105 ரூபாய், கார்ல 172. மதுரை ரோட்டுக்கு இதே கணக்கைப் போட்டா அப்படியே தலைகீழ்: மூணு பேரைக் கூட்டிட்டுப் போக ஜீப்புக்கு 1,609 ரூபாய், காருக்கு 1,071. ஆக மாமா சொன்னது மதுரைக்கு முழுசா சரி. மலைக்கு முழுசா தப்பு.

இந்த ஆள் கணக்குல நானே ஒரு குண்டு வச்சிருக்கேன், அதையும் சொல்லிடறேன். ஆளுக்கு எவ்வளவுன்னு பார்த்தா, பதினெட்டு பேரை அடைச்சு ஏத்தறவன்தான் பெரிய சிக்கனக்காரன் ஆயிடுவான். அப்படி ஏத்திட்டுப் போற ஜீப்பை எங்க ரோட்டுல தினமும் பாக்கலாம். படியில தொங்கிட்டுப் போறவங்களையும். மலை ஏறும்போது எனக்கே வயித்தைக் கலக்கும். ஒன்பதுக்கு மேல அப்பா ஏத்த மாட்டார், அது அவர் போட்ட கோடு.

இதையெல்லாம் ஒரு நாள் ஜீப்புல போகும்போது நோட்டை வச்சுக்கிட்டு ஆர்வமா விளக்கிட்டு வந்தேன். பின்னாடி உக்காந்திருந்த ஒரு அக்கா, இருபது வருஷமா தோட்ட வேலைக்கு வர்றவங்க, எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "ஏன் தம்பி, இந்த நோட்டுல எங்க இருமலுக்குக் கணக்கு இருக்கா?"ன்னாங்க.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிக்கு இறங்கும்போது முன்சீட்டை விட்டுட்டுப் பின்னாடி போய் உக்காந்தேன். மூணாவது வளைவுலயே புரிஞ்சு போச்சு. புகை முழுக்க உள்ளதான் வருது. காரணம் புத்தகத்துல படிச்சதுதான்: வெட்டி விட்ட முதுகு உள்ள வண்டிக்குப் பின்னாடி காத்து சுழலும், அங்க அழுத்தம் குறையும், அந்தக் குறைஞ்ச அழுத்தம்தான் வண்டியைப் பின்னாடி இழுத்து டீசலைத் தின்னுது. அதே சுழல்தான் சைலன்சர் புகையை இழுத்துத் தார்ப்பாய்க்குள்ள விடுது. எங்க பர்ஸுக்குச் செலவு வைக்கறதும் அவங்க நெஞ்சுக்குச் செலவு வைக்கறதும் ஒரே காத்து. இத்தனை வருஷம் நான் முன்சீட்டுலயே போயிருக்கேன்.

புகைன்னு பாத்தா டீசலுக்கு நல்ல பேர் கிடையாது. ஒரு லிட்டர் எரிஞ்சா 2.68 கிலோ கரியமில வாயு, பெட்ரோலுக்கு 2.31. கரித்தூள், நைட்ரஜன் ஆக்சைடு தனி. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்தப்ப புது டீசல் வண்டிகளுக்குக் கரித்தூளைப் பிடிக்கற ஃபில்டரும் மத்த சமாச்சாரங்களும் தேவைப்பட்டுச்சு. சின்ன டீசல் என்ஜினுக்கு அந்தச் செலவு கட்டாதுன்னு மாருதி டீசலையே விட்டுடுச்சு. கெழவிக்கு அந்த ஃபில்டர் எல்லாம் பூட்ட வழியில்ல. அப்பாகிட்ட சொன்னேன். மறுநாள் மெக்கானிக் அண்ணன் சைலன்சர் வாயை வலது பக்கம் திருப்பி நீட்டி விட்டார், பின் தார்ப்பாயையும் இறக்கிக் கட்டற மாதிரி பண்ணினார். இப்ப முன்னைவிடக் குறைஞ்சிருக்கு, சுத்தமா போகல.

"மச்சி, அப்ப நான் தார் எடுக்கலாமா?"ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். (அவங்கப்பா எடுத்துக் குடுக்கணும், அது வேற.) அவனுக்காக ஒரு ஒப்பீடு. மாருதி ஜிம்னி 2023ல வந்துச்சு, பெட்ரோல் மட்டும். அதுல இருக்கற 1.5 லிட்டர் என்ஜின், சியாஸ் கார்ல இருந்த அதே குடும்பம். லேப் கணக்குப்படி மேனுவல் கியர்ல ஜிம்னிக்கு 16.94, சியாஸுக்கு 20.65. சியாஸ்ல ஒரு சின்ன ஹைபிரிட் உதவி இருந்தது உண்மை, ஆனா மிச்சம் எல்லாம் எடை, உயரம், பெட்டி வடிவம், முன்னாடி சேர்ந்த ஆக்ஸில். இதுதான் அந்த நாலு சக்கரத்துக்கு நீ தினமும் கட்டற வாடகை. டீசல் எடுத்தா அதுல கொஞ்சம் திரும்பி வரும்னு ஒரு காலத்துல சொல்லலாம். 2012 கடைசியில டில்லியில பெட்ரோல் 68 ரூபாய், டீசல் 47. அப்ப நாட்டுல வித்த வண்டியில பாதிக்கு மேல டீசல். 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த 21 ரூபாய் இடைவெளி சுருங்கிப் போச்சு; 2024 மார்ச்சுல ஏழு ரூபாய் சொச்சம். காலேஜுக்கும் டீக்கடைக்கும் மூணு கிலோமீட்டர் ஓட்டறதுக்கு டீசல் வாங்கினா அந்தக் கரித்தூள் ஃபில்டர் சூடேறாம அடைச்சுக்கும், அதைச் சுத்தம் பண்ண வண்டியே இன்னும் கொஞ்சம் டீசலை எரிக்கும். உனக்குத் தோட்டம் இருக்கா மச்சி? இல்லல்ல? அப்ப பஸ் பாஸ் எடு :-)

லீவு முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி திண்ணையில மறுபடி பஞ்சாயத்து கூடுச்சு. நோட்டை அப்பாகிட்ட குடுத்தேன். ஹப் பக்கத்தை முதல்ல திறந்து வச்சே குடுத்தேன். அப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு மெதுவா படிச்சார். ஏழாயிரத்து இருநூறுல விரல் நின்னுச்சு.

"பதிமூணு மாசமா?"

"ஆமாப்பா."

"நானும்தானே பார்க்கல"ன்னுட்டு அடுத்த பக்கம் திருப்பிட்டார். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

மாமாகிட்ட, "மாப்ள, மதுரைக்கு நீ சொல்றது சரி. இனிமே மதுரைக்கு பஸ்ஸு. குத்தகை முடியற வரைக்கும் ஜீப் இருக்கட்டும்"னார். கம்பத்துக்காரர்கிட்ட மாமாவே போன் போட்டுச் சொல்லிட்டார். பாட்டி ஆபரேஷனுக்கு மட்டும் மாமா கார்லதான் போனாங்க, ஏசி வேணும்னு கண்டிஷன் போட்டுட்டாங்க.

போன மாசம் ஊருக்குப் போனப்ப பார்த்தேன். முன் சக்கரத்து ஹப் ரெண்டுலயும் அப்பா வெள்ளை பெயிண்டால ஒரு கோடு போட்டு வச்சிருக்கார், 'ஃப்ரீ' எந்தப் பக்கம்னு தூரத்துல இருந்தே தெரியற மாதிரி. நோட்டு டேஷ்போர்டுக்குள்ள இருந்துச்சு. என் கையெழுத்து முடிஞ்ச இடத்துக்குக் கீழ, பென்சில்ல, ஒவ்வொரு தடவை நிரப்பினதும் தேதியும். கடைசி வரி 8.2.